கண்டி வீதியும் விறாந்தைச் சுவரும்

பரந்தன் சந்தியில் நின்று நான்கு திசையும் நோக்கினும் குன்று என்று சொல்லத்தக்க ஒரு மேடும் கண்ணுக்குப் புலப்படாது. வடக்கே ஆனையிறவின் உவர்நிலம். தெற்கே இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல். கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே பூநகரிக்கும் செல்லும் வழிகள். வெயில் ஏறினால் வெளி முழுவதும் கானலாய் மிதக்கும். ஆயினும் இச்சந்தியை ஊடறுத்துச் செல்லும் பெருவீதிக்கு எம்மவர் வழங்கும் பெயர் கண்டி வீதி. யாழ்ப்பாணத்திற் புறப்படும் அவ்வீதி கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி மலையடிவாரங் கடந்து கண்டியில் முடிகின்றது. மலையையே காணாத ஊருக்கு, மலைக்குப் போகும் வழி வாசலிலே கிடக்கின்றது.

அவ்வழியே குடும்பமாகச் சென்று வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த பொருள்களுள் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு புகைப்படமே. நுவரெலியாவிலே வாங்கிய கம்பளிச் சட்டையைப் பூச்சி அரித்துவிட்டது. கறட்டும் லீக்சும் அன்றே கறியாயின. படம் மட்டும் சட்டமிடப்பெற்று விறாந்தைச் சுவரில் ஏறியது. அது ஏறிய கதையையும், பின்னர் அச்சுவருக்கு நேர்ந்ததையும், இன்று மீண்டும் சுவர் எழுப்பியிருப்போர் அதில் எதை மாட்டலாம் என்பதையும் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம்.

உல்லாசப் பயணம் என்பது கமக்காரனுக்குத் தொடக்கத்தில் அந்நியமான எண்ணமே. கோயில் யாத்திரை உண்டு. கலியாணம், செத்தவீடு என்ற பயணங்கள் உண்டு. சும்மா குளிர் காய்வதற்கு, அல்லது குளிரில் நடுங்குவதற்கு, காசு செலவழித்து ஊர்விட்டு ஊர் போவது வெள்ளைக்காரர் வழக்கம். 1846ஆம் ஆண்டளவில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவிலே உடல் தேறி, பின்னர் அங்கே ஆங்கிலக் கிராமம் ஒன்றை நிறுவ முயன்றதும், 1873இல் தேசாதிபதி கிறகறி பெயரால் ஏரி அமைந்ததும் அவர்களுடைய வசதிக்காகவே. ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில், சராசரி வெப்பநிலை 16 பாகை அளவினதாய் இருக்கும் அவ்வூர் அவர்களுக்குத் தாய்நாட்டை நினைவூட்டியது போலும்.

எம்மவரை அங்கே அழைத்துச் சென்றது புகையிரதம். 1867இல் கண்டியை எட்டிய பாதை 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. வடபாதையோ 1905இல் காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டிலே வடக்கே யாழ்தேவியும் மலைநாட்டுக்கு உடரட்ட மெனிக்கேயும் ஓடத் தொடங்கின. அரசாங்க உத்தியோகத்தருக்கும் ஆசிரியருக்கும் ஆண்டுதோறும் கிடைத்த இலவசப் பயணச் சீட்டு, 'வாறண்ட்' என்று எல்லோராலும் வழங்கப்பட்டது. அதனை வீணாக்குவதா என்ற கேள்வியே பல குடும்பங்களின் முதற் பயணத்துக்குக் காரணமாயிற்று. பரந்தனில் இத்தகைய குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்த இரசாயனத் தொழிற்சாலை 1950களிலே இங்கு எழுந்தபோது, அதன் உத்தியோகத்தரும் தொழிலாளரும் குடும்பங்களோடு வந்து தங்கினர். குடியேற்றத் திட்டக் காணிகளில் வயல் செய்தவர்களுக்கும் காலம் வாய்ப்பாகவே அமைந்தது. காலபோக வெள்ளாண்மை மாசி, பங்குனியில் வெட்டி ஏறிவிடும்; கையிற் காசு இருக்கும்; சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கச் சில நாள் செல்லும்; பள்ளிக்கூடங்களுக்குச் சித்திரை விடுதலை. நுவரெலியாவின் வசந்தகாலமும் அதே சித்திரை. வயலும் பள்ளியும் மலையும் ஒரே மாதத்திலே ஒத்துக்கொண்டன.

அப்பயணத்தின் சுவை, போய்ச் சேர்வதிலும் பார்க்கப் போகும் வழியிலேதான் அதிகம் என்பது எமது கருத்து. பரந்தன் நிலையத்திலே புளிச்சாதப் பொட்டலமும் கூசாத் தண்ணீருமாய் ஏறியவர்கள் பொல்காவலையில் இறங்கி மலைநாட்டு வண்டிக்குக் காத்திருப்பர். கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி மூச்சுவாங்கும்போது பிள்ளைகள் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஓடுவர். தகப்பன்மார் சுரங்கங்களை எண்ணுவர். எண்ணிக்கை ஒருவருக்கொருவர் ஒத்துவராது. நானுஓயாவில் இறங்கும்போது, ஊரில் ஒருநாளும் காலுறை அணியாத பாட்டனார் இரண்டு சோடி அணிந்திருப்பார். அதற்கு அப்பால் 6,200 அடிக்கு மேல் நிற்கும் பட்டிப்பொல, இந்நாட்டுப் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்தது. கடல்மட்டத்தோடு ஒட்டிய ஊரிலிருந்து அவ்வுயரத்தை ஒரே பயணச் சீட்டில் எட்டுவது அக்காலத்துப் பிள்ளைக்குப் புவியியற் பாடம் முழுவதையும் கற்றதற்குச் சமம். ஆழ்ந்த தாழ்நில உலர்வலயமும் ஈரவலயமும் எங்கே ஒன்றையொன்று சந்திக்கின்றன என்பதை யன்னலோரத்திலே கண்டவனுக்கு வரைபடத்திற் காட்ட வேண்டியதில்லை.

மலையிலே படம் பிடிக்கும் இடங்களும் ஏறக்குறைய வரையறுக்கப்பட்டிருந்தன. ஏரிக்கரை ஒன்று, 1861இல் சிங்கோனா மரம் வளர்த்துப் பார்ப்பதற்கென்று தொடங்கப்பெற்ற ஹக்கல பூங்கா மற்றொன்று, அதற்கு அண்மையிலுள்ள சீதையம்மன் கோயில் மூன்றாவது. பெட்டிக் கமராவின் ஒரு சுருளில் 8 அல்லது 12 படமே பிடிக்கலாம். ஆதலால் ஒவ்வொரு படத்துக்கும் முன் ஓர் ஆலோசனைச் சபை கூடும். யார் நடுவில், யார் ஓரத்தில், குழந்தை யார் மடியில் என்பதெல்லாம் தீர்ந்த பின்னரே விசை அழுத்தப்படும்.

இனிச் சுவருக்கு வருவோம். ஈழத்துத் தமிழர் வீட்டு முன்விறாந்தை ஒரு காலத்தில் குடும்பத்தின் பதிவேடாகவே விளங்கிற்று. மேலே சுவாமி படங்கள். அவற்றின் கீழே பொட்டும் மாலையும் பெற்ற பாட்டன் பாட்டி. அவர்களுக்கு இருமருங்கும் கலியாணப் படங்கள். அதன்பின் பட்டம் பெற்ற மகன், பூப்புனித நீராட்டு விழாக் கண்ட மகள், கழகத்துக் குழுப் படம் என்று வரிசை இறங்கும். வந்தவர் கதிரையில் அமர்ந்து தேநீர் வரும்வரை அச்சுவரை வாசிப்பார். எந்த ஊர், எந்தப் பகுதி, எத்தனை பெண்கள் மணமுடிக்க இருக்கிறார்கள் என்பதெல்லாம் வாய் திறந்து கேளாமலே விளங்கிவிடும். இவ்வழக்கம் எமக்கு மட்டும் உரியதன்று. உரோமப் பிரபுக்கள் தம் முன்னோரின் மெழுகு முகங்களை வீட்டு முற்றத்து மண்டபத்திலே வைத்திருந்தனர். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் மூதாதையர் படங்கள் வரிசையாகத் தொங்குவதைக் காரைக்குடிப் பக்கம் சென்றோர் கண்டிருப்பர்.

இவ்வரிசையிலே மலைநாட்டுப் படம் ஒன்றுமட்டும் ஒட்டாத உறவினன் போலத் தனித்து நிற்கும். ஏனைய படங்களிலே எல்லோரும் விறைத்திருப்பர். இதிலே காற்றில் சேலை பறக்கும். ஏனையவற்றிலே ஆண்கள் கதிரையிலும் பெண்கள் பின்னாலும் இருப்பர். இதிலே எல்லோரும் புல்லின் மீது ஒன்றாக அமர்ந்திருப்பர். பேரப்பிள்ளைகள் முதலில் விரல் நீட்டுவது இதனை நோக்கியே.

"அப்பம்மா, இந்தத் தொப்பி போட்டிருக்கிறவர் ஆர்?"

"அது உன்ரை பெரியப்பா, மோனை. தொப்பி அவற்றையில்லை. படத்துக்கெண்டு பக்கத்தில நிண்ட ஒருத்தரிட்டை இரவல் வாங்கினது."

ஒரு சாதகக் குறிப்பும் காணி உறுதியும் சொல்லாத செய்தி இது. பெரியப்பாவின் பிறந்த நாள் உறுதியில் இருக்கும். அவர் இரவல் தொப்பி அணிந்து சிரிக்கக்கூடியவர் என்பது சுவரில் மட்டுமே இருந்தது.

இதே பரந்தனைச் சுற்றியுள்ள பல வீடுகளுக்கு மலை என்பது விடுமுறை இடம் அன்று என்பதையும் இங்கே சொல்லாது விடின் கட்டுரை அரைக் கட்டுரையே ஆகும். கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள பாரதிபுரம், மலையாளபுரம், தருமபுரம் முதலிய ஊர்களிலே மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களிலே பட்டினி தலைவிரித்தாடியபோது சிலர் வந்தனர். 1977இலும் 1983இலும் வன்செயல்களுக்கு உயிர் தப்பிப் பலர் வந்தனர். மற்றவர் கமராவோடு ஏறிய அதே கண்டி வீதியால் இவர்கள் மூட்டையோடு இறங்கினர்.

அவர்தம் முன்னோர் மலைக்குப் போன விதத்தையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே கால்நடையாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளை சேர்ந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலே கொண்டுபோனவர் தொகை பெரிது. 1869இல் கோப்பி இலையில் நோய் தோன்றி அப்பயிர் அழிந்தபின் தேயிலை மலையை மூடிற்று. 1901இலிருந்து, சேர்த்துக்கொள்ளப்பட்டவர் எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் தகரத் துண்டு ஒன்று அவரவரிடம் கொடுக்கப்பட்டது. அத்துண்டுதான் அக்குடும்பத்தின் முதல் ஆவணம். படமும் இல்லை, பெயரும் இல்லை, எண் மட்டுமே. அவர்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததைக் குறித்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் அவ்வழியே நடந்து சென்றதைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இக்குடும்பங்களுக்கு ஒரு விசித்திரமான வழக்கத்தைக் கற்பித்தது. தாத்தா எங்கே பிறந்தார், எப்போது பிறந்தார் என்பதைக் கடதாசியாற் காட்டாதவன் இந்நாட்டவன் அல்லன் என்று ஆயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று நிறுத்தி வைத்தது; அவர்களை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை தந்தது. எனவே மற்றவர் வீட்டிலே சுவரில் மாட்டிய குடும்ப வரலாறு, இவர்கள் வீட்டிலே தகரப்பெட்டியின் அடியிற் பூட்டப்பட்டிருந்தது. தோட்டத்துப் பிறப்புப் பதிவு, விண்ணப்பத்தின் பிரதி, விண்ணப்பத்துக்கென்றே எடுத்த சிறு படம். பலர் வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். அதனைப் பெருப்பித்துச் சட்டமிட்டு, அதற்கே மாலை சூட்டியிருப்பதை இவ்வூர் வீடுகளிற் காணலாம்.

இவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் விடுமுறையில் மலைக்குச் செல்வதுண்டு. அவர்கள் ஏரிக்கரையில் அதிக நேரம் நிற்பதில்லை. பாதையோரத்தில் இறங்கித் தேயிலைச் செடிகளுக்கிடையே மேலே நடந்து, புகை படிந்த ஒரு லயத்தின் முன் நிற்பர். "இந்தக் காம்பராவிலதான் ஒங்க தாத்தா பொறந்தாரு" என்று அப்பாயி காட்டுவார். காம்பராவில் இப்போது குடியிருப்போர் உள்ளே அழைத்துச் சாயத் தண்ணீர் கொடுப்பர். கம்பளைக்கு அண்மையில் பழைய லயம் ஒன்றையே அருங்காட்சியகமாக்கி, தோட்டத் தொழிலாளர் புழங்கிய பாத்திரங்களையும் கருவிகளையும் கடிதங்களையும் சேர்த்து வைத்திருக்கின்றனர். கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் எந்தக் குடும்பமும், வேர் மலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே ஒரு மணி நேரம் இறங்கிச் செல்லுதல் தகும். பச்சைக் கம்பளம் என்று நாம் வியந்து படம் பிடிக்கும் மலையை விரித்தவர் யார் என்று பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை அங்கே இருக்கின்றது.

இவ்விரு வகை வீடுகளையும் போர் ஒன்றாக்கிவிட்டது. 1980களின் நடுப்பகுதியிலே தொழிற்சாலை நின்றது. 1990இல் புகையிரதம் நின்றது. 1996இல் கிளிநொச்சிப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. 2002இல் கண்டி வீதி திறந்தபோது திரும்பி வந்து கூரை போட்டவர்கள், 2006 ஆகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டதைக் கண்டனர். 2009 பிறந்தபோது பரந்தனில் மக்கள் இல்லை. முல்லைத்தீவு வீதியால் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே கிழக்கே சென்று முள்ளிவாய்க்காலிலும், அதன்பின் செட்டிகுளத்து முகாம்களிலும் நின்றனர். அம்முகாம்களுள் இறுதியானது 2012இலேதான் மூடப்பட்டது.

அத்தகைய பயணத்தில் மனிதர் எதை எடுத்துச் செல்வர்? அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, காணி அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ். இவை ஒரு பொலித்தீன் பையில் தாயின் மடியோடு இருந்தன. படப் புத்தகம் கனமானது. சிலர் அதனைப் பெட்டியிலிட்டு வளவிலே புதைத்தனர். வன்னி மாரி மழை அதனை விடவில்லை. சிலர் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி மடித்து எடுத்துச் சென்றனர். அம்மடிப்பு ஒருவர் முகத்தின் நடுவே போகும். பெரும்பாலோர் சுவரோடு விட்டுச் சென்றனர். திரும்பி வந்தபோது சுவரே இருக்கவில்லை. போரில் மறைந்த பிள்ளையின் முகம், அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறெங்கும் இல்லாத வீடுகள் இன்று வன்னியில் உண்டு. அந்தப் படமும் இல்லாத வீடுகளும் உண்டு.

இந்த நிலையிலேதான் பழைய பயணப் படங்கள் எதிர்பாராத திசையிலிருந்து திரும்பி வருகின்றன. அக்காலத்திலே ஒரு படத்தைப் பல பிரதி எடுத்து உறவினர்க்கு அனுப்புவது வழக்கம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உள்ள சித்தி, மாமா வீட்டுப் புத்தகங்களில் அவை தப்பியிருக்கின்றன. கைத்தொலைபேசியில் ஒரு மாலை வந்து சேரும் அப்படத்தைக் கண்டு, தாயின் இளமை முகத்தை முதன்முறையாகப் பார்க்கும் மக்கள் எத்தனை பேர்! நாம் அறிந்தவரையில் வீடு திரும்பியோர் முதலிற் சட்டமிடுவதும் இத்தகைய படத்தையே.

இனி ஒரு கவலை. படம் வந்துவிட்டது; அதிலிருப்போரின் பெயரைச் சொல்லக் கூடியவர்கள் 80 வயதை அண்மித்துவிட்டனர். 1960களில் ஏரிக்கரையில் தாயின் மடியில் இருந்த குழந்தைக்கே இன்று அறுபது கடந்துவிட்டது. பெயர் தெரியாத முகம் இன்னும் சில ஆண்டில் அந்நிய முகமாகிவிடும். ஆதலால் இந்தச் சித்திரை விடுதலையிலே வீட்டு மாணவர்கள் செய்யத்தக்க வேலை ஒன்றைச் சொல்லுகின்றோம். படத்தைப் பெரியவர் முன் வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயரையும், உறவையும், ஊரையும், ஆண்டையும் கேட்டு எழுதுங்கள். பழைய தாட்படத்தின் பின்புறத்திலே மெல்லிய பென்சிலாற் பதமாக எழுதலாம். பேனை மை காலப்போக்கில் ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும். அவர் சொல்வதைத் தொலைபேசியிற் குரலாகவும் பதிந்து கொள்ளுங்கள். பெயரைக் காட்டிலும் தொப்பிக் கதை விரைவில் மறைவது.

மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். மூலப்படத்தைப் பெட்டியில் வைத்துப் பிரதியைச் சுவரில் மாட்டுதலே நல்லது. வெயில் நேரே விழும் சுவரும், மாரியில் ஈரம் ஊறும் வெளிச்சுவரும் ஆகா. 1970, 80களின் வர்ணப் படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களிலும் விரைவில் மங்குவன. அவற்றை முதலிற் பிரதி செய்க. கண்ணாடியோடு படம் ஒட்டாதவாறு இடையிலே தடித்த அட்டை விளிம்பு வைக்க வேண்டும். முன்னரே ஒட்டிவிட்டிருந்தால் இழுத்துப் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியின் மேலாகவே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பசை பூசிய தாளில் பொலித்தீன் மூடும் படப் புத்தகங்களும், சூடாக்கி ஒட்டும் 'லமினேற்' உறையும் படத்துக்கு நண்பர்கள் அல்ல. கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் சுவரோடு ஒட்டிய அலுமாரியின் அடித்தட்டே விருப்பமான இடம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்தது போல மீண்டும் நனைய நேரின், ஒன்றோடொன்று ஒட்டி உலரவிடாது, சுத்தமான நீரில் அலசி, முகம் மேலாக நிழலிற் பரப்புக. கணினியில் ஏற்றிய பிரதியைக் குறைந்தது இரண்டு இடத்தில், ஒன்று வேற்றூரில், வைத்திருப்பது நன்று. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு இத்தகைய ஆவணங்களையும் எண்ணிம முறையிற் காத்து வருகின்றது. ஊருக்குப் பொதுவான பழம்படம் வைத்திருப்போர் அவர்களையும் நாடலாம்.

சுவரில் எதை மாட்டுவது என்பதிலே எமக்கு ஒரு சார்பு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. படங்கள் மட்டும் வரலாறு அல்ல. தகரத் துண்டு, குடியுரிமை விண்ணப்பம், பழைய பயணச் சீட்டு, முகாம் அட்டை ஆகியவற்றின் பிரதிகளும் சட்டத்துக்குத் தகுதியானவையே. முகாம் அட்டையை வெட்கமென்று ஒளிப்பவரை அறிவோம். அது அவர்கள் விருப்பம். ஆனால் பட்டமளிப்புப் படத்தின் அருகிலே அதுவும் தொங்கினால், பட்டம் பெற்ற பிள்ளை எங்கிருந்து பெற்றது என்பதை வந்தவர் தாமே வாசித்துக்கொள்வர்.

மலைக்குச் செல்லும் குடும்பங்கள் பழைய படத்தின் பிரதி ஒன்றைக் கையோடு கொண்டுசென்று, அதே இடத்திலே, அதே ஒழுங்கில் நின்று புதியது ஒன்று எடுத்து வரலாம். ஏரியும் கோயிலும் அங்கேயே இருக்கின்றன. நிற்பவர் சிலர் இரார். அவர்களுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு எடுப்பதா, பேரப்பிள்ளையை அங்கே நிறுத்துவதா என்பதைப் பயணத்திற்கு முன்னரே வீட்டிலே பேசிக்கொள்ளுங்கள். கடுமழைக் காலங்களில் மண்சரிவினால் மலைப் பாதைகள் அடிக்கடி தடைப்படுவதனால், வண்டி ஓடுகிறதா என்று நிலையத்தில் விசாரித்த பின்னரே புறப்படுக. சித்திரை மாதம் விடுதிகளில் இடம் கிடைப்பதரிது; இரு மாதம் முன்னரே எழுதிவிடுதல் வேண்டும். பகலில் வெயிலாக இருப்பினும் இரவுக் குளிர் கடுமையானது. பாட்டனாருக்கு இரண்டு சோடி காலுறை எடுத்து வைக்க.